முகப்பேர் முதல் பழவேற்காடு வரை... தண்ணீரைத் தேடி இரண்டு நாள் பயணம்!

ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், புரூஸ் என்று ஐரோப்பாவில் கால்வாய் நகரங்கள் பல. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, சனி, ஞாயிறு சுற்றிப் பார்த்துவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்புவது அங்குள்ளவர்களுக்குச் சாதாரணம். படகில் ஏறினால், இந்தக் கால்வாய் எந்த ஆண்டு வெட்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மதகு வழியாகக் கடலுக்குப் போகிறது என்று வழிகாட்டி ஒருவர் சொல்லிக்கொண்டே வருவார்.

சென்னையும் கால்வாய் நகரம்தான். கூவம், அடையாறு, கொசஸ்தலை என்று மூன்று ஆறுகள், குறுக்கே பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா போன்ற ஓடைகள், மேற்கே கிருஷ்ணா கால்வாய் என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால், இவற்றைப் பார்க்க யாரும் விடுமுறை எடுப்பதில்லை. கூவத்தைக் கடக்கும்போது கார் கண்ணாடியை ஏற்றிவிடுவதோடு சரி.

பிள்ளைகள் வீட்டில் தங்க ஊரிலிருந்து முகப்பேர், அம்பத்தூர், ஆவடி பக்கம் வரும் விவசாயிகள் ஏராளம். கடற்கரை, கோயில், துணிக்கடை பார்த்தாகிவிட்டது என்றால், அடுத்த முறை இந்தப் பாதையில் போய்வரலாம். முகப்பேரில் தொடங்கி, செம்பரம்பாக்கம், பூண்டி, ஊத்துக்கோட்டை, தாமரைப்பாக்கம் வழியாகப் பழவேற்காடு போய், சோழவரம், புழல் வழியே திரும்பும் இரண்டு நாள் பயணம் இது. குடியிருப்பு வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஊர் வயலைத் தாண்டி வந்தது என்பது வழியெல்லாம் தெரியும். ஒரு பாசன ஏரிக்கு ஆயக்கட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

முகவரியில் மட்டும் மிஞ்சிய ஏரி

முகப்பேரில் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. குழந்தை வரம் வேண்டி வருபவர்கள் அதிகம். ‘மகப்பேறு’ என்பதே மருவி முகப்பேர் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுவசதி வாரியத்தின் மனைகளும் அடுக்குமாடிகளும் வருவதற்கு முன்பு இது ஏரியும் வயலுமாக இருந்த கிராமம். அந்த ஏரியின் பெயர் இன்றும் தபாலில் வருகிறது. ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்பது இங்கே ஒரு குடியிருப்புப் பகுதியின் முகவரி. ஏரி போய், ஏரித் திட்டம் நின்றது.

அக்கம்பக்கத்தில் தப்பிப் பிழைத்த ஏரிகளும் உண்டு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்கு என்று தண்ணீர் போகும் சங்கிலி அமைப்பு அது. மேல் ஏரியின் கலங்கல் நீர்தான் கீழ் ஏரியின் வரத்து. கிராமத்து விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் போக்குக் கால்வாயில் வீடு கட்டினால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தில் கொரட்டூர் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது நகரத்துக்கு அது புரிந்தது.

முகப்பேருக்குத் தெற்கே நொளம்பூர் ஓரமாகக் கூவம் ஓடுகிறது. அதன் கரையிலேயே மேற்கே போனால் திருவேற்காடு. கருமாரியம்மன் கோயிலும், தேவாரப் பாடல் பெற்ற வேதபுரீஸ்வரர் கோயிலும் இங்கே இருக்கின்றன. ஆற்றைத் தேடிக் கோயில் கட்டிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இவை சாட்சி. இன்னும் மேற்கே, பேரம்பாக்கம் அருகே கூவம் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. திருவிற்கோலம் என்ற பாடல் பெற்ற தலம் அதுதான். அங்கே கூவத்தின் பெயரைச் சொன்னால் யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை.

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களும் 19-ம் நூற்றாண்டில் சாக்கடை நாற்றம் அடித்தவைதான். குடிக்க அந்தத் தண்ணீர் ஆகாது என்று, 1853-ல் கடலோர மணல்மேடுகளிலிருந்து நகரத்துக்குக் குழாயில் நீர் கொண்டுவந்தார்கள். கழிவுநீரைப் படிப்படியாகத் தனிக்குழாய்க்கு மாற்றினார்கள். இப்போதும் வாரத்தில் சில இரவுகள் மதகுகளை அடைத்து, புதுநீரை உள்ளே விட்டுக் கால்வாய்களைக் கழுவுகிறார்கள். ஓடாத தண்ணீர் கெடும் என்ற பழைய பாடம்தான் அது.

செம்பரம்பாக்கம்: வெள்ளமும் வறட்சியும் ஒரே கரையில்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி வந்து, பெங்களூரு நெடுஞ்சாலையில் சற்று தூரம் போனால் இடதுபக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் இதுவே பெரியது. மதகுகள் குன்றத்தூர் பக்கம் உள்ளன. உபரிநீர் அடையாற்றில் சேரும்.

மில்லியன் கன அடி என்று செய்தித்தாளில் படிக்கும்போது அது எவ்வளவு என்று கைக்கு அகப்படாது. விவசாயக் கணக்கில் பார்த்தால் எளிது. ஒரு மில்லியன் கன அடி என்பது, 23 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். ஒரு போக நெல்லுக்கு மொத்தம் நான்கு அடித் தண்ணீர் என்று வைத்தால், ஏறத்தாழ 6 ஏக்கர் நெல் விளையும். ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் 1 டி.எம்.சி. சென்னையின் ஒரு மாதக் குடிநீர்த் தேவை சுமாராக இந்த 1 டி.எம்.சி. அதாவது, நகரம் ஒரு மாதத்தில் குடித்துக் குளிக்கும் தண்ணீரில் 5,700 ஏக்கருக்கு மேல் ஒரு போகம் நெல் விளையும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பயணம் வேறு மாதிரி இருக்கும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. மூன்றரை ஆண்டுகளில், 2019 கோடையில், இதே ஏரி வெடித்த தரையாகக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்து, முகப்பேருக்குப் பக்கத்திலிருக்கும் வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். நகரத்தின் தாகத்துக்கு அது சில துளிதான்.

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, வெள்ளவேடு, புதுச்சத்திரம் என்று திருவள்ளூர் சாலையில் போகும்போது ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு வருகிறது. கூவத்தின் குறுக்கே கட்டியது. இங்கிருந்துதான் பங்காரு கால்வாய் பிரிந்து செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. மழைக்காலத்தில் இங்கே கூவம் மணலோடு தெளிவாக ஓடும். இதே ஆறுதான் நொளம்பூரில் கறுப்பாக ஓடுகிறது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும்.

பூண்டி: மூழ்கிய ஊரும் எழுந்த அணையும்

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலையும் குளத்தையும் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மாலைக்குள் பூண்டி போய்விடலாம்.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி இந்தத் திட்டத்துக்குப் பாடுபட்டார். 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. தண்ணீர் நிற்பதைப் பார்க்காமலே 1943-ல் அவர் காலமானார். சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர் அவரால் வந்தது. இப்போதைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 35 அடி. மேற்கே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையும் கூவமும் பிரிகின்றன. கொசஸ்தலையில் வருவது பூண்டியில் சேர்கிறது. இங்கிருந்து இணைப்புக் கால்வாய்களில் செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் தண்ணீர் போகிறது.

நீர்த்தேக்கம் வந்தபோது திருவெண்பாக்கம் என்ற ஊர் மூழ்கியது. சுந்தரர் கண்பார்வை இழந்து வந்தபோது இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லப்படும் தலம் அது. கோயிலை மட்டும் கல்கல்லாகப் பெயர்த்து, பூண்டிக் கரையில் திரும்பக் கட்டினார்கள். ஊன்றீஸ்வரர் கோயிலை இன்றும் அங்கே பார்க்கலாம். கோயிலுக்கு மாற்றிடம் கிடைத்தது. ஊரும் நிலமும் தண்ணீருக்குக் கீழே இருக்கின்றன. சென்னைக்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வந்து நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

பூண்டியில் தொல்லியல் துறையின் கற்கால அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே அண்மையில் நடந்த அகழாய்வுகள், அந்தக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று காட்டின. இந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் தண்ணீரை நம்பி வாழ்ந்த காலம் அவ்வளவு நீளமானது. அணைகள், மதகுகளைச் சிறு மாதிரியாகக் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதிக்கும் நீரியல் ஆய்வு நிலையமும் பூண்டியில் உள்ளது.

வார நாளில் வருபவர்கள் திருவள்ளூர் அருகே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு எட்டு போய்வரலாம். ‘டி.கே.எம்’ என்று பெயர் தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவை. சிவப்பு அரிசி ரகமான டி.கே.எம் 9, சன்ன ரகமான டி.கே.எம் 13 இரண்டும் பலர் வயலில் இருக்கும். ஒருகாலத்தில் தமிழ்நாடு முழுக்க விளைந்த ஐ.ஆர் 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று டி.கே.எம் 6. நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த இதே மாவட்டம்தான் நாட்டுக்கு நெல் ரகமும் கொடுத்தது.

ஜீரோ பாயிண்ட்: எல்லையில் வரும் கிருஷ்ணா

ஞாயிற்றுக்கிழமை காலை பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டை. அங்கே தாமரைக்குப்பத்தில் ‘ஜீரோ பாயிண்ட்’ என்று ஊரே சொல்லும் இடத்தில், ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் வந்த கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இங்கிருந்து பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர்.

1983-ல் ஆந்திராவும் தமிழ்நாடும் ஒப்பந்தம் போட்டன. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. தங்கள் கிருஷ்ணா பங்கில் விட்டுக்கொடுக்க, வழி இழப்பு 3 போக, ஆண்டுக்கு 12 டி.எம்.சி. சென்னைக்கு வர வேண்டும். முதல் தண்ணீர் 1996-ல் வந்தது. கரை சரிந்து, வழியிலேயே நீர் இறங்கிப் போனதால், சத்ய சாய் அறக்கட்டளை செலவில் கால்வாயைப் பலப்படுத்தினார்கள். அதன் பிறகு வரத்து கூடியது. ஆனாலும், பெரும்பாலான ஆண்டுகளில் 12 முழுதாக வந்து சேர்ந்ததில்லை.

ஏன் என்பதற்கான காரணங்களில் ஒன்று கரையில் நடந்தாலே தெரியும். கால்வாய்க்கு இரண்டு பக்கமும் வயல். பயிர் கருகும் நேரத்தில் கண்ணெதிரே தண்ணீர் ஓடினால் மோட்டார் குழாய் தானாக இறங்கும். சென்னைக்குப் போகும் தண்ணீர் அது, தொடக் கூடாது என்பது சட்டம். தன் மண் வழியே போகிற தண்ணீரில் தனக்குப் பங்கில்லை என்பதைக் கரையில் இருக்கும் விவசாயியால் ஏற்க முடியவில்லை. குற்றம் யார் மேல் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாத இடம் இது.

தாமரைப்பாக்கம்: கிணற்றுத் தண்ணீர் விலைக்கு

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் வழியாகத் தாமரைப்பாக்கம் வரலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே இங்கிருக்கும் அணைக்கட்டுதான் சென்னைக் குடிநீர்த் திட்டத்தின் ஆரம்பம். 1866-ல் ஃப்ரேசர் என்ற பொறியாளர் திட்டம் கொடுத்தார். ஆற்று நீரை இங்கே மறித்து, சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம் எனும் புழல் ஏரிக்கு விட்டு, திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை கொண்டுபோனார்கள். 1872-ல் தண்ணீர் ஓடியது. வடிகட்டும் நிலையம் கீழ்ப்பாக்கத்தில் வந்தது 1914-ல்தான். அதுவரை ஏரித் தண்ணீரை அப்படியே குடித்தார்கள்.

சோழவரமும் புழலும் அதற்கு முன்பு பாசன ஏரிகள். மதகு திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போனது. இப்போது புழல் 3,300, சோழவரம் 1,081 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள குடிநீர்த் தேக்கங்கள். பூண்டி, செம்பரம்பாக்கம், 2020-ல் திறந்த 500 மில்லியன் கன அடி கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 11,757 மில்லியன் கன அடி. எல்லாம் நிரம்பினால் நகரத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டுத் தண்ணீர்.

ஏரி வறண்டால் அடுத்து நிலத்தடி நீர். பூண்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர், பஞ்செட்டி சுற்றுவட்டாரத்தில் ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பூமியில் குடிநீர் வாரியத்தின் ஆழ்குழாய்க் கிணறுகள் இருக்கின்றன. வறட்சி ஆண்டுகளில், விவசாயிகளின் கிணறுகளையும் வாடகைக்கு எடுத்து நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பியிருக்கிறார்கள். கிணறு வைத்திருப்பவருக்கு அது நிச்சய வருமானம். மழை பொய்த்த ஆண்டில் நெல் போட்டு நஷ்டப்படுவதைவிட, தண்ணீரை விற்றுவிடுவது லாபம் என்று கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பக்கத்து வயல்காரரின் ஆழம் குறைந்த கிணறு முதலில் வற்றும். நடவு இல்லாவிட்டால் கூலிக்குப் போகும் பெண்களுக்கு வேலை இல்லை. அவர்களுக்கு யாரும் வாடகை தருவதில்லை.

மீஞ்சூர் பக்கம் கதை இன்னும் கசப்பு. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. உப்பு ஏறிய கிணற்றில் நெல் விளையாது. 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆற்றின் குறுக்கே தடுப்பணைகள் கட்டினார்கள். 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கியது. நல்ல தண்ணீரை இறைத்துக் கடலை உள்ளே விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, கடலைக் காய்ச்சாமல் வடிகட்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள்.

பழவேற்காடு: டச்சுக்காரர்கள் விட்டுப்போனது

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் தமிழ்நாட்டில். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் வரும்.

கால்வாய் நகரக் கதை இங்கே வந்து சேர்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அதே 1613-ல்தான் ஆம்ஸ்டர்டாமில் இன்று உலகமே பார்க்கப்போகும் கால்வாய் வளையத்தை வெட்டத் தொடங்கினார்கள். அந்தக் கால்வாய்க் கரை மாளிகைகளைக் கட்டிய வணிகப் பணத்தில், சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கும் பங்கு உண்டு. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காடுதான். கோட்டை இப்போது மண்மேடு. செதுக்கிய கற்களோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது.

பக்கிங்ஹாம் கால்வாயும் இந்த ஏரியோடு இணைகிறது. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கிய கால்வாய், வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சம் வரையும், தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. மொத்தம் 420 கிலோமீட்டர். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டரைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். கூலிக்கு மண் சுமந்தவர்களில் பலர் கிராமத்தில் பயிர் கருகி நகரத்துக்கு ஓடிவந்தவர்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் படகில் சென்னைக்கு வந்த பாதை அது. 1965, 66 புயல்களில் சிதைந்து, பிறகு சாக்கடையாகி, நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைத் தாங்கி நிற்கிறது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, முறை வைத்து மீன் பிடிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்று நீர்க்கட்டி முறை வைத்து மடை திறப்பாரே, அதே நியாயம்தான். முறை இருக்கும் வரை தண்ணீருக்குக் காவலும் இருக்கும்.

மதகுச் சாவி யார் கையில்?

நெதர்லாந்தில் கால்வாய், கரை, மதகு, வடிகால் எல்லாவற்றையும் நிர்வகிப்பது நீர் வாரியங்கள். இப்போது 21 வாரியங்கள் உள்ளன. சில 13-ம் நூற்றாண்டிலேயே தொடங்கியவை. கரை உடைந்தால் எல்லோர் நிலமும் மூழ்கும் என்பதால், விவசாயிகளே கூடி உருவாக்கிய அமைப்பு. இன்று மக்கள் தேர்தலில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தனி வரி கட்டுகிறார்கள். விவசாயிகளுக்கென்று ஒதுக்கிய இடங்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பீம்ஸ்டர் என்ற பெரிய ஏரியை, 1612-ல் காற்றாலைகளால் இறைத்து விளைநிலமாக்கினார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அந்த நிலம் 400 ஆண்டுகளுக்குப் பிறகும் விளைகிறது. நகரம் பக்கத்தில் வளர்ந்தும் அதை விழுங்கவில்லை.

செங்கல்பட்டு, திருவள்ளூர் சீமைக்கும் இதற்கு ஈடான முறை இருந்தது. குடிமராமத்து, நீர்க்கட்டி, ஆயக்கட்டுக்காரர் கூட்டம் எல்லாம் அதுதான். தமிழ்நாடு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000-ல் இயற்றப்பட்டு, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலும் உண்டு. ஆனால், ஏரியின் தண்ணீர் குடிநீருக்கு என்று மாறிய நாளில் ஆயக்கட்டு போகிறது. ஆயக்கட்டு போனால் வரத்துக்கால்வாயைத் தூர்வார ஆள் இல்லை, கலங்கலைப் பார்க்க ஆள் இல்லை. அதற்கு அடுத்த கட்டம் முகப்பேர் ஏரிக்கு நடந்தது.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதல்ல பேச்சு. அந்த நகரத்தில்தான் விவசாயியின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொடுக்கிற ஊருக்கு என்ன திரும்பி வருகிறது, மதகு பற்றிய முடிவில் அந்த ஊருக்கு ஒரு நாற்காலி உண்டா என்பதே கேள்வி. பூண்டிக்கும் தாமரைப்பாக்கத்துக்கும் இன்று எழும் கேள்வி, வளரும் ஒவ்வொரு நகரத்தையும் சுற்றியுள்ள ஏரிகளுக்கு நாளை எழும்.

ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியவை

* ஊர் ஏரி யார் பொறுப்பு என்று பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.

* ‘அ’ பதிவேடு, புலப்படம் இரண்டிலும் ஏரி, வரத்துக்கால்வாய், கலங்கல் ஓடை ஆகியவற்றின் சர்வே எண்களைக் குறித்துவைக்க வேண்டும். ஆக்கிரமிப்பு என்று புகார் எழுதும் நாளில் இதுதான் ஆயுதம். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கையில் இருக்கிறது.

* கோடையில் வட்டாட்சியர் அனுமதி பெற்று வண்டல் மண் எடுக்கலாம். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம்.

* ஆயக்கட்டுக் கூட்டத்தை நிறுத்தக் கூடாது. தண்ணீர் இல்லாத ஆண்டிலும் கூட்டம் நடந்தால்தான், தண்ணீர் வரும் ஆண்டில் உரிமை இருக்கும்.

போகும் முன்... கேள்வியும் பதிலும்

எப்போது போகலாம்?
நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் ஏரிகளில் நிற்கும், பறவைகளும் வந்திருக்கும். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாள்களில் ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது.

எங்கே தங்கலாம்?
திருவள்ளூர் நகரில் தங்கலாம். முகப்பேரிலேயே உறவினர் வீடு இருந்தால், சனி இரவு திரும்பிவந்து ஞாயிறு காலை மறுபடி கிளம்பவும் முடியும்.

ஏரிக்கரைகளில் நடக்கலாமா?
குடிநீர் ஏரிகளில் மதகுப் பகுதிக்குப் பொதுமக்களை விடமாட்டார்கள். பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. எந்த ஏரியிலும் இறங்கிக் குளிக்கக் கூடாது.

பழவேற்காட்டில் படகில் போகலாமா?
2011 டிசம்பரில் அங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதி இல்லாத படகில் ஏறவே கூடாது. கரையிலிருந்தே ஏரி நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது?
ஜமீன் கொரட்டூரில் ஓடும் கூவத்தையும், நொளம்பூரில் ஓடும் கூவத்தையும் ஒரு பாட்டிலில் ஒரு பாட்டிலாகப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.